கோடையில் தனியாக வெளியே போக: சைடு வீல் ஸ்கூட்டரா, நாற்காலியில் மாட்டும் மோட்டாரா, கைக் கட்டுப்பாட்டுக் காரா?

தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் வீடு திரும்பி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறப் பழகிவிட்டார் என்றால் அடுத்த கேள்வி வாசலைத் தாண்டுவதுதான். சாயங்காலக் கடற்கரை, சித்திரைத் திருவிழா, பொருட்காட்சி, தோப்பு நுங்கு, பம்புசெட் குளியல் என்று கோடையின் சந்தோஷங்கள் எல்லாமே வெளியில்தான் இருக்கின்றன. தம்பிக்கு லீவு கிடைக்குமா, ஆட்டோக்காரர் நாற்காலியை ஏற்றுவாரா என்று பார்த்துப் போவது வேறு, தோன்றியபோது கிளம்புவது வேறு. அந்த இரண்டாவதைத் தரும் வண்டி எது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

பெரும்பாலான குடும்பங்கள் விலையையும் வேகத்தையும் வைத்து முடிவெடுக்கின்றன. அவற்றைவிட முக்கியமானவை இரண்டு. நாற்காலியிலிருந்து அந்த வண்டிக்கு ஏற எத்தனை சென்டிமீட்டர் உயர வேண்டும்? போய்ச் சேர்ந்த இடத்தில் உங்கள் நாற்காலி உங்களிடம் இருக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல வண்டியானாலும் கூட ஒரு ஆள் வேண்டும்.

அதற்கும் முன்னால் நாற்காலியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் தள்ளுவதற்காகச் செய்த மடக்கு நாற்காலி 18 கிலோவுக்கு மேல் இருக்கும். கைப்பிடிகள் நிலையாக இருப்பதால் பக்கவாட்டில் நகர்ந்து மாற முடியாது. இருக்கை அகலமாக இருப்பதால் உடல் ஒருபக்கம் சாயும். இடுப்பளவுக்குப் பொருந்திய, கைப்பிடியைக் கழற்றக்கூடிய, பின்சக்கரம் ஒரு பொத்தானை அழுத்தினால் வெளியே வரும் நாற்காலிதான் இதற்கெல்லாம் அடிப்படை. சென்னை ஐஐடி 2025-ல் அறிமுகப்படுத்திய ஒய்டி ஒன் நாற்காலியின் எடை சுமார் 9 கிலோ. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், வண்டியைத் தள்ளிப்போட்டு நாற்காலியை முதலில் வாங்குங்கள்.

சைடு வீல் ஸ்கூட்டர்

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது இதுதான். சாதாரண கியர் இல்லாத ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்துவார்கள். இரு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை மாற்றுத்திறனாளிகள் நலத் துறை இலவசமாகவே தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பழுது பார்க்க எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். ஒரு முறை பெட்ரோல் போட்டால் பக்கத்து மாவட்டம் வரை போய்வரலாம்.

இந்த வண்டி இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதித்தவர்களின் வாழ்க்கையை உண்மையாகவே மாற்றியிருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் தண்டுவடக் காயக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. போலியோ தசையைச் செயலிழக்கச் செய்யும், தொடு உணர்வை விட்டுவைக்கும். சூடு பட்டால் தெரியும், உட்கார்ந்த இடம் வலித்தால் நகர்ந்துகொள்வார்கள். பலரால் காலிப்பரோ (காலைத் தாங்கும் உலோகச் சட்டம்) ஊன்றுகோலோ கொண்டு ஒரு நிமிடம் நின்று ஏறிவிட முடியும். தண்டுவடக் காயத்தில் உணர்வும் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டுகிறார், நீயும் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஏறுவதில் தொடங்கலாம். இந்த ஸ்கூட்டர்களின் இருக்கை தரையிலிருந்து சுமார் 76 செ.மீ. உயரம். குஷனோடு சேர்த்து உங்கள் நாற்காலி இருக்கை 50 செ.மீ. இருக்கும். கையை ஊன்றி உடலை 25 செ.மீ.க்கு மேல் தூக்க வேண்டும். அதுவும் சைடு வீல் குறுக்கே நிற்பதால் நாற்காலியை ஒட்டி நிறுத்த முடியாது, இடையில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விழும். வீட்டில் இதற்கு வழி உண்டு. ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தை ஒட்டி 20 முதல் 25 செ.மீ. உயரத்துக்கு ஒரு சிமென்ட் மேடையும் அதற்குச் சரிவுப் பாதையும் கட்டிவிட்டால் இரண்டு இருக்கைகளும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இடையில் வழுக்குப் பலகை போட்டு மாறலாம். சரிவின் நீளம் உயரத்தைப்போல் 12 மடங்கு இருக்க வேண்டும். 20 செ.மீ. மேடைக்கு 2.4 மீட்டர். இடம் இல்லையென்று அதைப் பாதியாகக் குறைத்தால் நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும்.

ஆனால் கடற்கரையில் மேடை இல்லை. ஸ்கூட்டரில் போனவர் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து அலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். பின்னால் கேரியர் வைத்து மடக்கு நாற்காலியைக் கட்டலாம், ஆனால் ஓட்டுபவரே திரும்பி அதை அவிழ்த்து இறக்க முடியாது. ஸ்கூட்டர் உண்மையில் பயன்படுவது தினமும் ஒரே இடத்துக்குப் போகிறவர்களுக்கு. வேலை செய்யும் இடத்திலோ கடையிலோ பழைய நாற்காலி ஒன்றையும் சிறு மேடை ஒன்றையும் நிரந்தரமாக வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பின்னாலிருந்து நாற்காலியோடு உருட்டி ஏறும் தளம் வைத்த வண்டிகளையும் சிலர் செய்து தருகிறார்கள். அவற்றில் ஏறுவது எளிது, ஆனால் அகலம் அதிகம், சந்துகளில் திரும்பாது.

ஓட்டும்போது மூன்று இடங்களில் தவறு நடக்கும். முதலாவது வளைவு. சாதாரண ஸ்கூட்டர் வளைவில் சாயும், இது சாயாது. அதனால் உடல்தான் வெளிப்பக்கம் தள்ளப்படும். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் வேலை செய்யாதவருக்குப் பிடிமானம் ஹேண்டில்பார் மட்டுமே, அதை இழுத்தால் வண்டி இன்னும் திரும்பும். நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்துக்குக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். இரண்டாவது பள்ளம். சைடு வீல்கள் இரண்டும் மேட்டில் நிற்க, நடுச் சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றால் அது சும்மா சுற்றும், வண்டி நகராது. சைடு வீலை மிகத் தாழ்வாகப் பொருத்தினால் இது அடிக்கடி நடக்கும், மிக உயரமாகப் பொருத்தினால் வண்டி இருபுறமும் ஆடும். நீங்கள் உட்கார்ந்த நிலையில், சமதளத்தில், மூன்றும் தரையைத் தொட வேண்டும். டயர் தேயத் தேய மீண்டும் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, பின்னால் எடுப்பது. காலால் தள்ள முடியாதவருக்கு ரிவர்ஸ் வசதி இல்லாத சைடு வீல் கிட் பொருத்தாதீர்கள். பார்க்கிங்கில் முன்னால் யாராவது வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கால்களுக்கு ஃபுட்போர்டில் விளிம்பும், முழங்காலுக்குக் கீழே அகலமான வெல்க்ரோ பட்டையும் வேண்டும். கால் வழுக்கித் தரையில் உரசினாலும் தெரியாது. மே மாதத்தில் இன்னொன்று: வெயிலில் நின்ற கறுப்பு இருக்கை. உணர்வு உள்ள உள்ளங்கையை இருக்கையில் அரை நிமிடம் வைத்துப் பார்க்காமல் ஏறக்கூடாது. தொடையின் அடியில் சூடுபட்ட கொப்புளம் ஆற மாதக்கணக்காகும், அதுவரை நாற்காலியில்கூட உட்கார முடியாது.

நாற்காலியில் மாட்டும் மோட்டார்

இதன் பெரிய பலம், ஏறி இறங்கவே வேண்டியதில்லை. உங்கள் நாற்காலியின் முன்பக்கம் ஒரு மோட்டார் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் மாட்டினால், சின்ன முன்சக்கரங்கள் தரையைவிட்டு மேலே எழும்பி, நாற்காலி மூன்று சக்கர வண்டியாகிவிடும். போன இடத்தில் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, அதே நாற்காலியில் கடைக்குள்ளே போகலாம். உங்கள் குஷன், உங்கள் முதுகுச் சாய்வு எல்லாம் கூடவே வரும். படுக்கைப்புண் (ஒரே இடத்தில் தொடர்ந்து பாரம் பட்டு வரும் புண்) பயம் இதனாலேயே குறைகிறது.

நம் ஊரில் தெரிந்த பெயர் நியோபோல்ட். சென்னை ஐஐடியின் மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையத்தில் உருவாகி, நியோமோஷன் நிறுவனம் தயாரிப்பது. 2021-ல் அறிமுகமானபோது, இதை மாட்டும் அதே நிறுவனத்தின் நியோஃப்ளை நாற்காலி 39,900 ரூபாய், நியோபோல்ட் 55,000 ரூபாய். அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ., ஒரு சார்ஜுக்கு 25 கி.மீ. தூரம் என்று அப்போது சொல்லப்பட்டது. இன்றைய விலையையும் மாடலையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கையில் வேறு நாற்காலி இருந்தால் அது இதில் பொருந்துமா என்பதை வாங்கும் முன்பே அளந்து கேட்க வேண்டும். சட்டத்தின் குழாய் விட்டமும் கால்பலகையின் இடமும் ஒத்துப்போகாவிட்டால் மாட்ட முடியாது.

தூரக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். சொன்ன தூரத்தில் நான்கில் ஒரு பங்கை மேடு, எதிர்க்காற்று, பழைய பேட்டரி ஆகியவற்றுக்குக் கழித்துவிடுங்கள். 25 கி.மீ. என்றால் கையில் 18 நிற்கும். போக 9, வர 9. திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு இது தாராளம். தாம்பரத்திலிருந்து மெரினாவுக்குப் போதாது. வெயிலில் ஓடிவந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் ஆறவிட்டுப் போட்டால் நீண்ட நாள் உழைக்கும்.

இதன் பலவீனம் முன்சக்கர இழுவையில் இருக்கிறது. உங்கள் எடையின் பெரும்பகுதி பின்சக்கரங்கள் மேல், ஆனால் மோட்டார் இருப்பது முன்னால். செங்குத்தான மேட்டில் எடை இன்னும் பின்னால் போகும், முன்சக்கரம் ஜல்லியிலும் மணலிலும் வழுக்கிச் சுற்றும். உடலை முன்னே சாய்த்தால் பிடி கிடைக்கும், ஆனால் அதற்கு வயிற்றுத் தசை வேண்டும். டி6-க்கு (தண்டுவடத்தில் நெஞ்சுப் பகுதியின் ஆறாவது மட்டம்) மேல் காயம் உள்ளவர்கள் மார்புப் பட்டை கட்டிக்கொண்டு சமதளத்தில் ஓட்டலாம், மேம்பாலச் சரிவுகளைத் தவிர்ப்பது நல்லது. வளைவில் கவிழும் ஆபத்து இதிலும் உண்டு. 25 கி.மீ. வேகத்தில் திரும்பவே கூடாது. இரவில் ஓட்டினால் உங்கள் உயரம் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாது. ஒளிரும் பட்டையும், தலை உயரத்துக்கு மேலே நிற்கும் சிறு கொடியும் கட்டிக்கொள்ளுங்கள்.

விரல் பிடி இல்லாத கழுத்துத் தண்டுவடக் காயக்காரர்களுக்கு இதுவும் ஸ்கூட்டரும் ஒத்துவராது. அவர்களுக்கு ஜாய்ஸ்டிக் வைத்த பேட்டரி நாற்காலிதான். தமிழ்நாடு அரசு அதையும் தருகிறது.

கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, பல இடங்களில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் வீட்டு வாசலுக்குள் நுழையாது, கனமானது, வருடக்கணக்கில் ஓட்டினால் தோள் மூட்டு போய்விடும். இனி வாழ்நாள் முழுக்க உங்களைத் தூக்கப்போவது அந்தத் தோள்தான். அதை வீணாக்காதீர்கள்.

கைக் கட்டுப்பாடு பொருத்திய கார்

செலவு அதிகம், ஆனால் மூன்றிலும் பாதுகாப்பானது இதுதான். நிழல், ஏசி, நாற்காலி வைக்க இடம், நல்ல முதுகுச் சாய்வு என எல்லாம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு லீவரைப் பொருத்துவார்கள். முன்னே தள்ளினால் பிரேக், இழுத்தாலோ திருகினாலோ ஆக்சிலரேட்டர். இன்னொரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு உருண்டைப் பிடி. பெடலின் மேல் கால் விழாமலிருக்க ஒரு மறைப்புத் தகடும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கால் திடீரென்று வெட்டி இழுக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால் லீவரால் மட்டும் வண்டியை நிறுத்துவது சிரமம்.

கார் வாங்கும்போது இருக்கை உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். சிறிய ஹேட்ச்பேக்குகளில் 50 முதல் 55 செ.மீ. வரும், நாற்காலியிலிருந்து கிட்டத்தட்ட நேராக நகர்ந்துவிடலாம். உயரமான எஸ்யூவிகளில் 65-க்கு மேல் போகும். கௌரவத்துக்காக எஸ்யூவி வாங்கி, ஏற்றிவிட ஆள் தேடும் குடும்பங்கள் உண்டு.

நாற்காலியை ஏற்றும் முறை இது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அதைப் பின்னால் முழுக்க நகர்த்திச் சாய்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலியின் குஷனை எடுத்துப் பக்கத்து இருக்கையில் போட்டு, இரண்டு பின்சக்கரங்களையும் கழற்றிப் பின்சீட்டுக்குத் தள்ள வேண்டும். பிறகு சட்டத்தை மார்புக்கு மேலாகத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைக்க வேண்டும். 10 கிலோவுக்குள் இருந்தால் இது பழகிவிடும். 18 கிலோ மடக்கு நாற்காலியில் முடியாது. லேசான நாற்காலியை முதலில் வாங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஸ்கூட்டரானாலும் காரானாலும் மாற்றம் செய்யும் முன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, பொருத்திய பின் ஆர்.சி.யில் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைச் சொல்கிறது. ஓட்டுநர் உரிமமும் மாற்றியமைத்த வாகனத்துக்கென்று எடுக்க வேண்டும். மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், சொல்லாமல் விட்டால் விபத்தின்போது பணம் மறுக்கப்படலாம். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் சொந்த வாகனத்துக்குச் சாலை வரி விலக்கு உண்டு.

வெயில் இந்த முடிவை எப்படி மாற்றுகிறது

காயத்துக்குக் கீழே உடல் வியர்க்காது. டி6-க்கு மேல் காயம் என்றால் உடம்பின் பெரும்பகுதி தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாது. நிழலில் உட்கார்ந்திருந்தாலும் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். சிறுநீர்ப்பைக்கு ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை எடுப்பவர்களுக்கு மிச்சமிருக்கும் வியர்வையும் குறையும். இவர்களுக்குக் காலை 10 மணி முதல் மாலை 4 வரை ஸ்கூட்டரும் மோட்டார் நாற்காலியும் வேண்டாம், கார் மட்டும்தான். மற்ற நேரங்களில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு முகம், கழுத்து, கை, தொடைகளில் தெளித்துக்கொள்ளுங்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையை அது செய்யும். ஐஸ் என்றால் துணியில் சுற்றி, உணர்வுள்ள கழுத்தில் மட்டும் வையுங்கள்.

வெளியே போகும் நாளில் சிறுநீர்த் தொல்லைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது மிகப் பெரிய தவறு. கல்லும் தொற்றும் அங்கிருந்துதான் தொடங்கும். தண்ணீரைக் குறைக்காமல், கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடும் இடைவெளியை 6 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரமாகக் குறையுங்கள். ஒரு முறை வெளியேறும் சிறுநீர் 500 மி.லி.யைத் தாண்டக்கூடாது. காரில் திரைபோட்டு உள்ளேயே முடித்துக்கொள்ளலாம். மோட்டார் நாற்காலியில் போனால், 75 செ.மீ. வாசல் அகலம் உள்ள கழிப்பறை வழியில் எங்கே என்று முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். டி6-லோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகச் சிவப்பும் வந்தால், அதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமான பட்டைகளைத் தளர்த்தி, முதலில் சிறுநீரை வெளியேற்றுங்கள், கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். குறையாவிட்டால் உடனே மருத்துவமனை.

கடற்கரைக்கு வருவோம். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீள, 3 மீட்டர் அகல மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகிச் சரிசெய்யப்பட்டது. அதில் மோட்டார் நாற்காலி கடலுக்குப் பக்கம் வரை போகும். மணலில் இறங்கினால் முன்சக்கரம் புதைந்துவிடும். திரும்பி வந்ததும் பேரிங்குகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்பு சீக்கிரமே துருவாக்கும்.

பம்புசெட் குளியல் ஆசை உள்ளவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராதீர்கள், ஈரத் தரையில் அதன் கால் விரிந்து உடையும். சக்கரம் பூட்டும் குளியல் நாற்காலி வேண்டும். மோட்டார் போட்டதும் வெயிலில் கிடந்த குழாயிலிருந்து வரும் முதல் தண்ணீர் கொதிக்கும். கையில் பிடித்துப் பார்த்த பிறகே காலில் படவிடுங்கள். தொட்டிச் சுவர் சொரசொரப்பாக இருந்தால் காலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி யாருக்கு எது? நகரத்தில், 8 கி.மீ. சுற்றளவுக்குள் வாழ்க்கை, கையில் பலம் உண்டு என்றால் நாற்காலியில் மாட்டும் மோட்டார்தான் எங்கள் முதல் தேர்வு. இந்த மூன்றில் ஏறி இறங்கத் தேவையில்லாத ஒரே வழி அதுதான். கிராமத்தில், தினமும் ஒரே இடத்துக்கு 15, 20 கி.மீ. போக வேண்டியவர், இடுப்புத் தசை வேலை செய்கிறது, காயம் எல்1 (இடுப்புப் பகுதியின் முதல் மட்டம்) அல்லது அதற்குக் கீழே என்றால் சைடு வீல் ஸ்கூட்டரும் இரண்டு மேடைகளும். டி6-க்கு மேல் காயம், படுக்கைப்புண் வந்து ஆறிய தழும்பு, கொடைக்கானல் மாதிரி தூரப் பயணங்கள் என்றால் கடன் வாங்கியாவது பழைய ஆட்டோமேட்டிக் கார். டி10 போன்ற நடுநிலைகளில் இருப்பவர்கள் இலவசம் என்பதற்காக ஸ்கூட்டரை எடுக்காமல், ஒரு முறை மேடை இல்லாத இடத்தில் ஏறி இறங்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்தப் பயிற்சியை வீட்டில் தனியாகத் தொடங்க வேண்டாம். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966-லிருந்து இதைச் செய்கிறது. அதைத் தொடங்கக் காரணமாயிருந்த டாக்டர் மேரி வர்கீஸே 1954 விபத்தில் தண்டுவடம் பாதித்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். தெற்கே, தென்காசி பக்கம் ஆய்க்குடியில், தண்டுவடக் காயம்பட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் என்ற மறுவாழ்வு அமைப்பு இருக்கிறது.

எந்த வண்டியானாலும் முதல் பயணம் அரை மணி நேரத்துக்குள், சாயங்காலம் 5-க்குப் பிறகு, வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். கால் மணிக்கு ஒரு முறை நிறுத்தி, முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் புட்டத்தின் பாரத்தைக் குறையுங்கள். வீடு திரும்பியதும் படுத்துக்கொண்டு போன் கேமராவால் புட்டம், வால் எலும்பு, குதிகால் மூன்றையும் படமெடுத்துப் பாருங்கள், அரை மணி கழித்து மீண்டும் ஒரு முறை. நிறம் மாறியிருந்த இடம் பழையபடி ஆகிவிட்டால் அடுத்த பயணத்தில் 15 நிமிடம் கூட்டலாம். ஆகாவிட்டால் அது ஆகும்வரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது, குஷனையும் இருக்கையையும் சரிசெய்த பிறகே அடுத்த பயணம்.